மீடியாவிக்கியில் ஆவணச் சேமிப்பு

மீடியாவிக்கி என்பது பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட ஒரு கட்டற்ற விக்கி மென்பொருள் ஆகும். இது ஆவணங்களின் உரையையும் அவற்றின் திருத்த வரலாற்றையும் உறவுசார் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. மைசீக்குவல், மரியாடிபி, போசுட்கிரேசீக்குவல், சீக்குவலைட்டு ஆகிய தரவுத்தளங்களுடன் இயங்கும். 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களை ஆவணப்படுத்தும் நூலகம் திட்டமும் இதனைப் பயன்படுத்துகின்றன.

சேமிப்பு முறை

ஒவ்வொரு ஆவணத்தின் தலைப்பும் பக்க அட்டவணையில் ஒரு வரிசையாகப் பதியப்படும். ஒருவர் திருத்தும்போது பழைய உரை அழிக்கப்படுவதில்லை. திருத்த அட்டவணையில் புதிய வரிசை சேர்க்கப்பட்டு, பக்கம் அப்புதிய பதிப்பைச் சுட்டும். உரை தனி அட்டவணையில் இருக்கும். 2018இல் வெளியான 1.31 பதிப்பு முதல், இவற்றிற்கிடையே உள்ளடக்க அட்டவணைகளும் சேர்க்கப்பட்டன.

படங்கள், வருடிய நூல்கள் முதலிய கோப்புகள் தரவுத்தளத்தில் இடப்படுவதில்லை. அவை வழங்கியின் கோப்புறையில் இருக்கும். அவற்றின் பெயர், அளவு முதலிய விவரங்கள் மட்டுமே அட்டவணையில் பதியப்படும்.

நிறுவல்

1. வலை வழங்கியில் பி.எச்.பி.யையும் தரவுத்தளத்தையும் நிறுவ வேண்டும்.
2. வெற்றுத் தரவுத்தளம் ஒன்றையும் அதற்குரிய பயனர் கணக்கையும் உருவாக்க வேண்டும்.
3. மென்பொருள் பொதியை விரித்து, உலாவி வழியாக நிறுவல் பக்கத்தைத் திறந்து, இவ்விவரங்களை உள்ளிட்டு, மொழியாகத் தமிழைத் தெரிவுசெய்ய வேண்டும்.
4. இறுதியில் கிடைக்கும் அமைப்புக் கோப்பை மென்பொருளின் முதன்மைக் கோப்புறையில் இட வேண்டும். இதில் தரவுத்தளக் கடவுச்சொல் இருப்பதால் பிறர் படிக்க இயலாதவாறு காத்தல் அவசியம்.

கோப்புப் பதிவேற்றம் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். தேவையெனில் அமைப்புக் கோப்பில் அதனை இயக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்கள்

யூ.டி.எஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு இடம் பெறும். புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறிகளாகும். எடுத்துக்காட்டாக, "தாம்பரம்" என்னும் சொல் 5 எழுத்துக்களும் 8 குறிகளும் கொண்டது. எனவே 24 பைட்டு இடம் பெறும். பக்கத் தலைப்பின் எல்லை 255 பைட்டு ஆதலால், ஒரு தமிழ்த் தலைப்பில் 85 குறிகளே அடங்கும். நீண்ட பெயருடைய பழைய நூல்களைப் பட்டியலிடுவோர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

காப்புப் பிரதி

தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தால் நூற்பட்டியல் எஞ்சும். வருடிய பக்கங்கள் எஞ்சா. ஆகவே தரவுத்தளம், கோப்புறை, அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றையும் நகலெடுத்து வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். எழுத்துக்குறித் தொகுதி தவறாக அமைந்தால் தமிழ் உரை பொருளற்ற குறிகளாக மாறிவிடக்கூடும் என்பதால், நகலை மீட்டெடுத்துச் சோதிப்பதும் இன்றியமையாதது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவில்லை. எண்ணிம நூலகத்திற்கும் இது பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

* உறவுசார் தரவுத்தளம்
* கட்டற்ற மென்பொருள்
* நூலகம் திட்டம்