அடங்கல் ஏட்டிலிருந்து வரும் எண்

தாராபுரம் வட்டத்தில் சோளம் எத்தனை ஏக்கர், அமராவதிப் பாசனத்தில் நெல் ஏக்கருக்கு எவ்வளவு கண்டது என்பதை ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒரே எண்ணில் சொல்லிவிடுகின்றன. மழைக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைத் தேடுபவர் அந்த எண்ணை நம்பித்தான் முடிவுக்கு வருகிறார். அது பிறந்த இடம் வயல் வரப்பு. சர்வே எண் வாரியாக, பசலி எனும் வருவாய் ஆண்டுதோறும், எந்த நிலத்தில் எந்தப் பயிர் நிற்கிறது என்று கணக்குப்பிள்ளை எழுதிய அடங்கல்தான் அதன் மூலம். ஒரு தரவை அது பிறந்த வயல்வரை நடந்துபோய்ச் சோதிக்க முடியுமா என்பதே அதன் நம்பகத்துக்கு முதல் அளவுகோல் என்று நான் கருதுகிறேன். அந்த வகையில் அடங்கலுக்கு நாம் உரிய மதிப்பைத் தரவில்லை.

அடங்கலுக்கு முன் செய்தி எப்படிச் சேர்ந்தது என்று முதலில் பார்க்கலாம். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோவைச் சீமையை ஆங்கிலேயர் இரண்டாகப் பிரித்தபோது, வடபகுதிக்குப் பவானியும் தென்பகுதிக்குத் தாராபுரமும் தலைமையிடங்கள் ஆயின. 1800இல் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் பயிர், மாடு, வாரம், கூலி என எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார். 1807இல் லண்டனில் வெளியான அவரது நூலில் செய்திகள் நாள்வாரியாக, ஊர்வாரியாக இருக்கின்றன. எங்கே, எப்போது கேட்டது என்று தெரிவதால்தான் இன்றும் அதை எடைபோட முடிகிறது. ரயத்துவாரி முறை வேரூன்றிய பிறகு, கேட்டு எழுதிய இடத்தில் அளந்து எழுதுவது வந்தது. கர்ணம் எனப்பட்ட கணக்குப்பிள்ளையின் கணக்கை வருவாய் ஆய்வாளர் வயலில் பார்க்க, ஜமாபந்தி எனும் ஆண்டுத் தணிக்கையில் மேலதிகாரி தணிக்கை செய்ய, ஒவ்வொரு படியிலும் கையெழுத்து இருந்தது.

கர்ணம் பரம்பரைப் பதவிக்காரர், ஊர்ப் பெரிய பண்ணைகளுக்கு வேண்டியவர், அவர் எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொய் எங்கே நுழையும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சர்வே கல் நட்ட நிலத்தின் பரப்பை யாரும் போய்ச் சரிபார்க்கலாம். விளைச்சலோ முழு விளைச்சலில் இத்தனை அணாப் பங்கு என்று கண்மதிப்பாகச் சொன்னது. தீர்வை வஜா, அதாவது நிலவரித் தள்ளுபடி, கிடைக்குமென்றால் அந்த மதிப்பு குறைவதற்கே காரணம் அதிகம். ஊர்தோறும் இத்தகைய ஏடு இல்லாத வங்காளத்தில் பரப்பே ஊகமாக இருந்தது. 1930களில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சணல் பரப்பை அறிய மாதிரிக் கணக்கெடுப்பை நாடியதன் பின்னணி இது. விளைச்சலைப் பொறுத்தவரை, பின்னர் மற்றொரு புள்ளியியலாளரான சுகாத்மே வளர்த்தெடுத்த பயிர் அறுவடைச் சோதனை, கண்மதிப்பை ஒதுக்கியது. சமவாய்ப்பு முறையில் ஊரும் வயலும் தேர்வாகி, பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் அறுத்து எடைபோடுகிறார்கள். இன்றைய பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் பெரும்பாலும் இந்த எடையை ஒட்டியதே. அந்த வயலைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் வேண்டுமே, அதைத் தருவது அடங்கல்.

பொய்யைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் வளரவிட்டு, காங்கயம் மாடும் செம்மறியும் மேய்க்கும் கொறங்காடு இந்த வட்டாரத்து உழவின் முதுகெலும்பு. விதைப்பு இல்லை என்று அது தரிசுக் கலத்தில் சேர்ந்துவிட்டால், எழுதியவர் நேர்மையானவராக இருந்தும் படிப்பவர் பாழ்நிலம் என்றே நினைப்பார். ஏட்டின் கலங்களை வகுத்தவர் யார், எதற்காக என்று தெரியாமல் இத்தவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

நீண்டகால வரைபடம் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோவை மாவட்டத்தில் இருந்த தாராபுரம் 1979இல் பெரியார் மாவட்டத்துக்கும், 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்கும் போனது. 1980இல் கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரைச் செல்வாக்கை ஒழித்த அம்முடிவு சரியானதே. ஆயினும் மாவட்ட எண்களை மட்டும் வைத்திருப்பவருக்கு, அவ்வாண்டுகளில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் எது வானத்தால் வந்தது, எது எல்லைக் கோட்டால் வந்தது, எது எழுதும் கை மாறியதால் வந்தது என்று பிரிக்க வழியில்லை. சர்வே எண் அளவில் பழைய அடங்கல்கள் இருந்தால் பிரிக்கலாம். கிராமச் சாவடிகளிலும் வட்ட அலுவலகங்களிலும் எஞ்சியுள்ள அந்த ஏடுகளைக் கழித்துக்கட்டும் முன் படியெடுத்து, எழுதிய ஆண்டோடும் ஊரோடும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவைக்க வேண்டும்.