உப்பு இறங்கியதா, அளவை பிசகியதா?

“சோடியம் இறங்கிவிட்டது” என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே வீட்டில் உப்பைக் கூட்டிவிடுவார்கள்; அல்லது குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுக்கத் தொடங்குவார்கள். ரிப்போர்ட்டில் 135க்குக் கீழே போன எண்ணுக்கு அவ்வளவு செல்வாக்கு. ஆனால் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவோ, அதற்கு முந்தைய நிலையான ஸ்மோல்டரிங் மைலோமாவோ உள்ளவர்கள் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. எந்தக் கருவி, எந்த முறையில் அளந்தது என்று கேட்காமல் அதற்கு வைத்தியம் பார்ப்பது தவறு. சோடியத்தை அளக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாறே அதற்குச் சாட்சி.

1928இல் பார்பரும் கோல்தாஃபும் காட்டிய வழியில், யுரேனைல் துத்தநாக அசிடேட்டைச் சேர்த்துச் சோடியத்தை மஞ்சள் வீழ்படிவாக இறக்கி, அதை உலர்த்தி எடை போட்டார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு விடை கிடைக்கவே நெடுநேரம் பிடிக்கும் வேலை அது. 1940களில் வந்த சுடர் ஒளிமானி இதை மாற்றியது. சாம்பார் பொங்கி காஸ் அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைச் சமையலறையில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த மஞ்சள், உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் பல மடங்கு தண்ணீர் கலந்து, சுடரில் தூவி, எழும் மஞ்சள் ஒளியை அளந்தால் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். சோடியச் சோதனை அன்றாட வழக்கமானது இதனால்தான். ஆனால் வேகத்தோடு ஒரு பிழையும் உள்ளே வந்தது.

சீரம் முழுக்கத் தண்ணீர் அல்ல. நூறு பங்கில் ஏறக்குறைய 93 பங்குதான் நீர். மீதி இடத்தைப் புரதமும் கொழுப்பும் பிடித்துக்கொள்கின்றன. சோடியமோ நீர்ப்பங்கில் மட்டுமே இருக்கிறது. படி அரிசியில் கல் கலந்திருந்தால், படி நிறைந்துதான் இருக்கும், அரிசி குறைந்திருக்கும். கொழுப்பு மிகுந்த சீரத்தில் இப்படி நீர் விலக்கப்படுவதை ஆல்பிரிங்க், பீட்டர்ஸ் முதலியோர் 1955இல் அளந்து காட்டினார்கள். மைலோமாவில் கல்லின் இடத்தில் நிற்பது புரதம். 1845இல் லண்டன் வணிகர் ஒருவரின் சிறுநீரில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஆராய்ந்த புரதம் இதன் ஒரு துண்டு: சூடேறினால் உறையும், கொதித்தால் கரையும், ஆறினால் மறுபடி உறையும். ரத்தத்தில் முழுப் புரதமும் குவியும்போது நீரின் இடம் சுருங்குகிறது; உடம்பில் சோடியம் சரியாக இருக்க, எண் மட்டும் இறங்குகிறது. பொய்யான சோடியக் குறைவு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

சுடர் ஒளிமானி பழங்கதை, இப்போது மின்முனைக் கருவிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். கருவி மாறியது உண்மை. ஆனால் பெரிய ஆய்வகங்களின் தானியங்கி எந்திரங்கள் பெரும்பாலும் இன்றும் சீரத்தில் தண்ணீர் கலந்தே அளக்கின்றன; நீர்ப்பங்கு வழக்கமான அளவில் இருக்கும் என்பதே அவற்றின் கணக்கு. பழைய பிழை புதிய எந்திரத்திலும் தொடர்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் ரத்த வாயு எந்திரம் தண்ணீர் கலக்காமல் நேரடியாக அளப்பதால், ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே ரத்தத்துக்கு இரண்டு விடை வரக்கூடும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாம் அளவைப் பிழை என்று ஒதுக்கினால், உண்மையான குறைவு கண்ணில் படாமல் போகுமே? போகும். அதிலும் ஸ்மோல்டரிங் நிலையில் இந்தக் கவலை மிக நியாயமானது. 1980இல் கைலும் கிரைப்பும் இந்த நிலைக்குப் பெயர் சூட்டியபோது விவரித்தது ஆறு பேரை. ஐந்தாண்டும் அதற்கு மேலும் சிகிச்சையின்றியே நோய் முற்றாதிருந்தவர்கள். நீறு பூத்த நெருப்பு என்று தமிழில் சொல்லலாம். இந்த நிலையில் புரதம் பலருக்கு அளவோடுதான் ஏறியிருக்கும். மொத்தப் புரதம் 7 கிராமிலிருந்து 10 கிராமுக்கு ஏறினாலும், நீர்ப்பங்கு வாய்ப்பாட்டின்படி 140 என்ற சோடியம் 137 அளவுக்குத்தான் இறங்கிக் காட்டும். ஆகவே 125 என்று வந்தால் புரதத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. தையசைடு மாத்திரை, வாந்தி, தைராய்டு அல்லது அட்ரினல் சுரப்பிக் குறை, 1957இல் நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவரிடம் விவரிக்கப்பட்ட நீர்த்தேக்க ஹார்மோன் கோளாறு ஆகியவற்றைத் தேடியே ஆக வேண்டும்.

தவறு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விலை உண்டு. பொய்க்குறைவை மெய்யென்று எண்ணித் தண்ணீரைக் குறைத்தால், பென்ஸ் ஜோன்ஸ் புரதம் கழிகிற சிறுநீரகம் வறண்டு பாதிக்கப்படும். நெடுநாள் மெய்க்குறைவை அவசர அவசரமாக ஏற்றினால், மூளைத்தண்டின் நரம்பு உறை சிதையலாம். ஆடம்ஸ் குழுவினர் 1959இல் விவரித்த சிதைவு அது. ஆகவே ஸ்மோல்டரிங் மைலோமா உள்ளவருக்குச் சோடியம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், வீட்டில் உப்பையோ தண்ணீரையோ மாற்றாமல், உடனே மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: மொத்தப் புரதம் எவ்வளவு, நேரடி முறையில் மறுபடி அளக்க முடியுமா, சீரத்தில் கரைந்திருப்பவற்றின் செறிவான ஆஸ்மோலாலிட்டி வழக்கமான அளவில், 275க்கும் 295க்கும் இடையில் இருக்கிறதா? குழப்பமோ வலிப்போ மயக்கமோ இருந்தால் கேள்விகள் பிறகு. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.