யூரர் படியும் வன்னியின் வழித்தூரமும்

நீதிமன்றத்தின் யூரர் இருக்கையில் அமரத் தகுதியுடையோர் யாவர் என்ற வினாவிற்குச் சட்டநூல்கள் விடை தரும். அவ்விருக்கை வரை வந்து சேரக்கூடியோர் யாவர் என்ற வினாவிற்கோ, சட்டநூல்களைக் காட்டிலும் வழிச்செலவுக் கணக்குகளே நேரிய விடை தருவன. ஒரு நாட்கூலி, ஒரு வண்டிச் சத்தம், ஒருவேளை உணவு ஆகிய சில்லறை விடயங்களை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டவனின் தலைவிதியை முடிவு செய்யும் எழுவர் எவர் என்பதை இச்சில்லறைகளே பலகாலும் தீர்மானித்து வந்துள்ளன.

இதனை வன்னிப் பெருநிலத்து ஊரொன்றிலிருந்து நோக்குவது பயனுடையது. முல்லைத்தீவு மாவட்டத்திலே முள்ளியவளையை அடுத்து அமைந்துள்ளது தண்ணீரூற்று. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் வீதி இவ்வூரைத் தொட்டுச் செல்கின்றது. முல்லைத்தீவுப் பட்டினத்து நீதிமன்றத்திற்கு ஒரு வழக்காளி காலையிற் சென்று மாலையில் மீளலாம். ஆனால் 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் இலங்கையைச் சுற்றுகளாக வகுத்தபின், பெருங்குற்றங்களை யூரர் முன் விசாரித்த உயர் நீதிமன்ற அமர்வுகளுக்கு வடக்கில் யாழ்ப்பாணமே முதன்மையான இடமாயிற்று. தண்ணீரூற்றிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. மாட்டுவண்டிக் காலத்தில் காட்டையும் ஆனையிறவையும் கடந்து செல்லப் பல நாட்கள் தேவைப்பட்டன. தோணியேறிக் கடல்வழி செல்வதாயின், வாடைக்காலத்தில் அதுவும் இயலாது. இத்தகைய ஊரிலுள்ள உழவன் ஒருவன் யூரராகப் பணியாற்றுவதன் விலை என்ன என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினா புதியதன்று. கிரேக்கத்து ஏதென்சு நகரில் ஆண்டுதோறும் ஆறாயிரம் குடிமக்கள் நீதிவழங்குவோராகப் பதிவு பெற்றனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் பெரிக்கிளீசு அவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஒபொல் கூலி வழங்க வகைசெய்தார். கி.மு. 425ஐ ஒட்டிக் கிளியோன் அதனை மூன்றாக உயர்த்தினார். ஆறு ஒபொல் கொண்டது ஒரு திராக்மா. அந்நூற்றாண்டின் இறுதியில் கைத்தொழிலாளன் ஒருவனின் நாட்கூலி ஒரு திராக்மா அளவினது. எனவே நீதிமன்றக் கூலி அதிற் பாதியே. உடல் வலிமையுள்ள தொழிலாளியை ஈர்க்க அது போதாது; உழைக்க இயலாத முதியவனுக்கு அன்றாட உணவிற்குப் போதும். கி.மு. 422இல் அரிஸ்தோபனீசு ‘குளவிகள்’ என்னும் நாடகத்தில் நகையாடியது இம்முதிய நீதிவழங்குநரையே. கூலி வந்தபின் மன்றங்களின் தரம் தாழ்ந்தது எனச் சிலர் குறைகூறியதை அரிஸ்தோத்தலின் பெயரால் வழங்கும் ஏதென்சு அரசியலமைப்பு நூலும் பதிவு செய்கின்றது. ஏழை நீதி வழங்கும்போது மட்டுமே தரம் பற்றிய கவலை எழுவது கவனிக்கற்பாலது. பின்னர் மக்களவைக்கு வருவோருக்கான கூலி ஒரு திராக்மாவையும் தாண்டி உயர்ந்தபோது, நீதிமன்றக் கூலி மட்டும் அதே மூன்று ஒபொல்லில் நின்றுவிட்டது.

இலங்கைக்கு யூரி முறையை வழங்கிய இங்கிலாந்தோ முற்றிலும் வேறான வழியிற் சென்றது. அங்கே யூரருக்குக் கூலி இல்லாததுடன் உணவும் மறுக்கப்பட்டது. தீர்ப்புக் கூறும் வரை ஊணும் நீரும் நெருப்புமின்றி அடைத்துவைத்தலே பழைய மரபு. 1670இல் வில்லியம் பென், வில்லியம் மீட் ஆகியோரின் வழக்கில் நீதிபதி விரும்பிய தீர்ப்பைக் கூற மறுத்த யூரர் இவ்வாறு பட்டினியில் அடைக்கப்பட்டனர். பின்னர் தண்டப்பணமும் விதிக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டின் யூரர் சட்டமே நெருப்பையும் சிற்றுணவையும் அனுமதித்தது. அதுவும் யூரர் தம் சொந்தச் செலவிலேயே பெறவேண்டும். அதே சட்டம் சிறப்பு யூரருக்கு நாளொன்றுக்கு ஒரு கினியும் சாதாரண யூரருக்குப் பத்துச் சிலிங்கும் வழங்க ஏற்பாடு செய்தது. மறு ஆண்டிலேயே அவ்வேற்பாடு நீக்கப்பட்டது. பயணச்செலவு, உணவுப்படி, இழந்த வருவாய்க்கான ஈடு ஆகிய மூன்றையும் பொதுவாக வழங்கும் சட்டம் 1949இலேதான் அங்கு வந்தது.

அதுவரை அந்நாடு யூரரை எவ்வாறு பெற்றது? சொத்துத் தகுதியாலே பெற்றது. 1825ஆம் ஆண்டின் சட்டம் நிலவருவாய், வீட்டுவரி மதிப்பு, வீட்டின் சன்னல் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூட யூரர் தகுதிக்கு அளவுகோலாக்கிற்று. சொத்துத் தகுதியும் கூலி மறுப்பும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் எனலாம். கூலி தேவைப்படாதவனையே அழைத்தால் கூலி கொடுக்க வேண்டியதில்லையன்றோ! 1974இல் அத்தகுதி வழக்கொழிந்து வாக்காளர் பட்டியல் அடிப்படையானபோது, படி வழங்கும் ஏற்பாடு ஏற்கனவே கால் நூற்றாண்டு பழகியிருந்தது. படி முந்தியிராவிடின் தகுதி நீக்கம் வெறும் ஏட்டளவில் நின்றிருக்கும்.

இலங்கையில் யூரி முறை 1811இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வித்திட்டவர் பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன். பதின்மூன்று யூரர் அமர்ந்து பெரும்பான்மையால் தீர்ப்புக் கூறினர். உள்ளூர் மக்களை நீதி வழங்கலிற் பங்குகொள்ளச் செய்தால் அவர்தம் மதிப்பும் பொறுப்புணர்வும் உயரும் என்பது ஜோன்ஸ்ரனின் கருத்து. கௌரவமே இங்கு கூலியாயிற்று. அக்கௌரவத்தைப் பெற்றோர் எத்தகையோர் என்பதற்கு 1816ஆம் ஆண்டின் நிகழ்வொன்று சான்று. யூரர் பட்டியலில் இடம்பெற்ற அடிமை உடைமையாளர், அவ்வாண்டு ஆகத்து 12இன் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் எனத் தீர்மானித்தனர். யூரி முறையின் நற்பயனாக ஜோன்ஸ்ரன் இதனைப் பெருமிதத்துடன் எடுத்துக்காட்டினார். அது போற்றத்தக்க செயலே. எனினும் வேறொரு உண்மையும் இதனால் வெளிப்படுகின்றது. அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் வசதி படைத்தோர் யூரர் பட்டியலில் இருந்தனர். அடிமைகளோ, அவரை ஒத்த உழைப்பாளரோ அங்கு இருந்திருக்க இயலாது.

1898ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவை யூரர் தொகையை எழுவராகக் கொண்டது. ஐவருக்குக் குறையாதோர் உடன்பட்டாற் தீர்ப்புச் செல்லும். பட்டியலைத் தயாரிப்பவர் பிஸ்கால். ஆங்கிலம், சிங்களம், தமிழ் பேசுவோர் என மூன்று தொகுதிகள் இருந்தன. எத்தொகுதியிலிருந்து யூரரைத் தெரிவது என்பதில் எதிரிக்கு உரிமை இருந்தது. வருவாயும் சொத்தும் தகுதியை நிர்ணயித்தன. மேலும் உயர்ந்த வருவாயுடையோரிலிருந்து சிறப்பு யூரர் தெரியப்பட்டனர்.

இவ்விதிகளைத் தண்ணீரூற்றின் வயலோரத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். காலபோக விதைப்பு புரட்டாதி, ஐப்பசியில். அரிவுவெட்டு மாசி, பங்குனியில். குளத்து நீரை நம்பிய சிறுபோகம் இடையில். இக்காலங்களில் அழைப்பாணை வந்தால் உழவன் இழப்பது நாட்கூலி அன்று, ஒரு போகம். பறவையும் பன்றியும் அழைப்பாணைக்குக் காத்திரா. ஓர் உத்தியோகத்தருக்கு மாதச் சம்பளம் தொடர்ந்து வரும். யாழ்ப்பாண நகரத்து வணிகரின் கடையை மகனோ கணக்கப்பிள்ளையோ கவனித்துக்கொள்வர். ஆகவே சட்டம் தமிழ் பேசுவோர் தொகுதி ஒன்றையே கூறினும், அத்தொகுதிக்குள்ளே பட்டினத்திற்கும் வன்னிக்கும் இடையே சமனின்மை இருந்தது. வன்னியானுக்கு வழித்தூரமே மற்றொரு சொத்துத் தகுதியாயிற்று.

1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்தது. மாங்குளத்தில் ஏறினால் அன்றே யாழ்ப்பாணம் சேரலாம். ஆனால் மாங்குளத்திற்கும் முல்லைத்தீவிற்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் வீதி இருந்தது. புகையிரதக் கட்டணத்தைக் கணக்கிடுதல் எளிது. காட்டுவழி வண்டிச் சத்தத்திற்குப் பற்றுச்சீட்டு ஏது? பயணப்படி விதிகள் எந்நாட்டிலும் பட்டியலிடப்பட்ட கட்டணங்களை நோக்கியே எழுதப்படுவதால், பட்டியலில் இல்லாத வழிகளில் வாழ்வோர் பின்தள்ளப்படுகின்றனர்.

பயணத்தைவிடத் தங்குதல் கொடிது. துடுப்பாட்ட வீரர் மகாதேவ சதாசிவம் மீதான கொலை வழக்கு 1953இல் கொழும்பில் யூரர் முன் 57 நாட்கள் நடைபெற்று, அவர் குற்றவாளியல்லர் என்ற தீர்ப்புடன் முடிவுற்றது. எழுவர் 57 நாட்கள் தம் தொழிலை விட்டு அமர்ந்திருந்தனர். கொழும்பில் வாழ்ந்த வசதியுடையோரால் அது முடிந்தது. வயற்காரனோ கடற்றொழிலாளியோ அத்தனை நாள் அமர்ந்திருந்தால், வழக்கு முடியுமுன் குடும்பம் கடனில் வீழ்ந்திருக்கும்.

படியைச் சட்டத்தில் எழுதிவிட்டாலும் இடர் தீர்வதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் யூரருக்கான நாட்படி 1968இல் 20 டொலர், 1978இல் 30, 1990இல் 40. அடுத்த உயர்வு 2018இலேயே வந்தது. அப்போதும் 50 டொலர் மட்டுமே. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் விலைவாசி ஏறியது; படி நின்றது. ஏதென்சின் மூன்று ஒபொல் கதையே மீண்டது. நாணயத் தொகையாக எழுதப்படும் படி, எழுதிய நாள் தொட்டே தேயத் தொடங்குகின்றது. இந்தியாவிலோ யூரி முறையே மறைந்து 1973ஆம் ஆண்டின் கோவையில் இடம்பெறாது போனமையால், படிபற்றிய வினாவும் அதனுடன் மறைந்தது.

இலங்கையில் யூரி முறை மறையவில்லை; சுருங்கிற்று. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, இரண்டாம் அட்டவணையிற் கூறப்பட்ட குற்றங்களுக்கு, எதிரி விரும்பித் தெரிந்தால் மட்டுமே மேல் நீதிமன்றத்தில் யூரர் விசாரணை நடைபெறும். அதே ஆண்டில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் யூரர் இன்றி நீதிபதி தனித்தே விசாரிக்க வழிசெய்தது. போர்க்காலத்தில் வன்னிக்கான புகையிரதம் 1990இல் நின்று, 2013இலேயே கிளிநொச்சி வரை மீண்டது.

போர் முடிந்தபின் வழித்தூரம் வேறொரு வடிவில் முன்வந்தது. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் நிகழ்ந்த படுகொலை தொடர்பான வழக்கு, திருகோணமலையிலிருந்து அநுராதபுர மேல் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டு யூரர் முன் விசாரிக்கப்பட்டது. இங்கு நெடுவழி சென்றோர் யூரரல்லர்; உறவினரை இழந்த கிராமத்துச் சாட்சிகள். 2016 யூலை 27ஆம் திகதி யூரர் தீர்ப்பின்படி முன்னாள் இராணுவத்தினர் அறுவர் விடுதலை செய்யப்பட்டனர். சாட்சிகள் வந்த வழியே தம் கிராமத்திற்குத் திரும்பினர்.