வால்வு சாச்சுரேஷன்

வால்வு சாச்சுரேஷன் என்பது வெற்றிடக் குழாய்ப் பெருக்கியை அதன் இயல்பான எல்லைக்கு மேல் இயக்கி, பதிவாகும் ஒலியில் புதிய சீரிசைகளை (மூல அதிர்வெண்ணின் மடங்குகளை) உண்டாக்கும் உத்தி. குரல், பேஸ் கிட்டார், டிரம்ஸ் போன்றவற்றுக்குக் கனமும் இதமும் சேர்க்க ஒலிப்பதிவாளர்கள் இதைக் கையாள்கிறார்கள். அறிவியல் நோக்கில் இது ஒரு திரிபுதான். ஆனால் எந்தச் சீரிசை எவ்வளவு கூடுகிறது என்பதைப் பொறுத்து அந்தத் திரிபு இனிமையாகவும் அமையும், இரைச்சலாகவும் முடியும்.

செயல்படும் விதம்

டிரையோடு வகை வால்வில், சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் நேர்மின்வாயை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள கிரிட்டின் மின்னழுத்தம் அந்தப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்துகிறது. லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய ஆடியான் இதன் முன்னோடி. ஒலிக்கருவிகளில் இன்றும் பரவலாக உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100.

சிறிய சமிக்ஞை உள்ளே வரும்போது வெளியீடு ஏறக்குறைய அதே வடிவில் பெரிதாகிறது. சமிக்ஞை வலுக்கும்போது நிலைமை மாறுகிறது. அலையின் ஒரு முனையில் கிரிட்டே மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்குவதால் முகடு மழுங்குகிறது. மறுமுனையில் எலக்ட்ரான் பாய்ச்சல் படிப்படியாகக் குறைந்து நின்றுபோகிறது. இரு முனைகளும் சமமாக மழுங்குவதில்லை. இந்தச் சமச்சீரின்மைதான் இரண்டாம், நான்காம் சீரிசைகளை, அதாவது இரட்டை எண் சீரிசைகளை, உண்டாக்குகிறது. இரு வால்வுகளை எதிரெதிராக இயக்கும் புஷ்-புல் சுற்றில் இவை பெருமளவு ஒன்றையொன்று நீக்கிவிடும். ஆகவே ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பதில் வால்வுக்கு உள்ள பங்கு சுற்றின் அமைப்புக்கும் உண்டு.

காதுக்கு எட்டுவது

ஆதார சட்ஜத்தின் இரண்டாம் சீரிசை மேல் சட்ஜம். மூன்றாவது, அந்த ஸ்தாயியின் பஞ்சமம். ஐந்தாவது, அதற்கும் மேலே ஒலிக்கும் அந்தர காந்தாரம். இவை மூலச் சுரத்தோடு இழைந்துவிடுவதால் தனித்துக் கேட்காமல், அதன் செழுமையாகவே உணரப்படுகின்றன. ஏழாவது சீரிசை கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே விழுகிறது. அதற்கு மேற்பட்ட ஒற்றை எண் சீரிசைகள் வலுத்தால் ஒலியில் கரகரப்பு ஏறும். வலுவான எதிர்ப் பின்னூட்டம் கொண்ட டிரான்சிஸ்டர் சுற்றுகள் எல்லைவரை தூய்மையாக இயங்கிவிட்டு, அதைத் தாண்டியதும் அலையைச் சட்டென்று வெட்டுவதால் இத்தகைய உயர் சீரிசைகள் பெருகுகின்றன.

பேஸ் ஒலிக்கு இதனால் நேரடிப் பயன் உண்டு. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 60 ஹெர்ட்ஸ் அதிர்வைச் சரிவர எழுப்ப முடியாது. சாச்சுரேஷன் 120, 180, 240 ஹெர்ட்ஸ் சீரிசைகளைச் சேர்த்தால், இல்லாத 60 ஹெர்ட்ஸையும் மனித மூளை ஊகித்துக் கேட்கும்.

வரலாறு

1950களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வால்வு தனி உத்தியாக இல்லை. கருவிகள் எல்லாமே வால்வில்தான் இயங்கின. நாய்மன் யூ47 மைக், டெலிஃபுங்கன் வி72 முன்பெருக்கி, 20 வால்வுகள் கொண்ட ஃபேர்சைல்டு 670 கம்ப்ரஸர் ஆகியவை அக்காலத்துச் சிறந்த கருவிகள். லண்டன் அபே ரோடு கூடத்தின் ரெட் வகை மேசைகளும் வால்வு மேசைகளே. 1968இல் பீட்டில்ஸ் குழுவின் ‘ரெவல்யூஷன்’ பாடலுக்காக, கிட்டார்களை நேரே மேசையில் இணைத்து அதன் முன்பெருக்கிகளை வேண்டுமென்றே மிகைச்சுமைக்கு உள்ளாக்கினார் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக். அப்பாடலின் சீறும் கிட்டார் ஒலி அவ்வாறு பிறந்தது. அடுத்த ஆண்டின் ‘அபே ரோடு’ இசைத்தட்டு, டிஜி12345 என்ற டிரான்சிஸ்டர் மேசையில் பதிவானது.

டிரான்சிஸ்டர் பரவியபின் எது மேல் என்ற விவாதம் எழுந்தது. வழக்கமான அளவீடுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. 1973இல் ரஸ்ஸல் ஹாம், ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் இதற்கு விளக்கம் அளித்தார். இசையின் திடீர் உச்சங்களில் முன்பெருக்கிகள் கடுமையான மிகைச்சுமைக்கு உள்ளாகின்றன, அந்நிலையில் திரிபு 30 விழுக்காட்டை எட்டுகிறது, அங்குதான் வால்வும் டிரான்சிஸ்டரும் பிரிகின்றன என்று அவர் காட்டினார். எல்லைக்குள் நடத்திய அளவீடுகளில் வேறுபாடு சிக்காததன் காரணம் அதுவே.

பயன்பாடும் எல்லையும்

உள்ளீட்டைக் கூட்டி, அதே அளவு வெளியீட்டைக் குறைப்பது அடிப்படை முறை. உரத்த ஒலி பொதுவாகச் சிறந்ததாகத் தோன்றும் என்பதால், ஒலியளவைச் சமப்படுத்திவிட்டே முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யாதவரை கேட்பது சாச்சுரேஷனா, வெறும் சத்தமா என்று சொல்ல முடியாது.

பல சுரங்கள் ஒன்றாக நுழைந்தால் அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களும் பிறக்கும். 200, 300 ஹெர்ட்ஸ் இணை 100, 500 ஹெர்ட்ஸைத் தரும்; இவை இணக்கமானவை. 300, 320 ஹெர்ட்ஸ் இணை தரும் 20, 620 ஹெர்ட்ஸ் அப்படியல்ல. எனவே ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியே தாராளமாகவும், முழுக் கலவைக்கு மிகச் சிறிதாகவும் சேர்ப்பது பொதுவான நடைமுறை. கணீரென்ற தாளக் கருவிகளுக்கு அளவு மீறினால் முதல் தட்டின் கூர்மை மங்கிவிடும்.

‘வால்வு ஒலி’ என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, உடனிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளகத்தின் காந்தத் தெவிட்டலால் வருவது. வால்வுக் கருவிகளில் 250 முதல் 300 வோல்ட் வரை மின்னழுத்தம் சாதாரணம். இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருப்பதால், பயிற்சியில்லாதவர்கள் அவற்றைத் திறக்கக் கூடாது.

மென்பொருள் வடிவம்

இன்று வால்வின் உள்ளீடு-வெளியீட்டு வளைகோட்டைக் கணக்கீடாகச் செய்யும் பிளக்-இன்கள் பெருகிவிட்டன. கணினியில் புதிதாகப் பிறக்கும் சீரிசைகள், மாதிரி வீதத்தின் பாதியைத் தாண்டினால் கீழே மடங்கி அபசுரமாகக் கேட்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அந்த எல்லை 22.05 கிலோஹெர்ட்ஸ். இதைத் தவிர்க்க, உயர்ந்த வீதத்தில் கணக்கிட்டு, வடிகட்டி, பிறகு பழைய வீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இந்தப் பணி செம்மையாக நடந்தால், உண்மையான வால்வுக்கும் மென்பொருளுக்கும் உள்ள இடைவெளி பெரிதும் சுருங்கும். கருவி எதுவானாலும் அளவை இறுதியில் முடிவுசெய்வது பதிவாளரின் செவி.