மீன் தொட்டியில் பாசி: ஒரு 150 வருடப் போராட்டம்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகவே தெரியும். முதலில் கண்ணாடியில் லேசாகப் பச்சை படரும். பிறகு இலைகளில் நூல் நூலாகத் தொங்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், உள்ளே மீன் இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான்!

சென்ற மாதம் எங்கள் வீட்டுத் தொட்டிக்கும் இதே கதி. பாசியைக் கொல்லும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். ஊற்றும் முன் லேபிளைப் படித்தால், அதில் செம்பு இருக்கிறது. செம்பு பாசியோடு நத்தையையும் கொன்றுவிடும். பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, எனக்கு முன்னால் இதில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

கதை லண்டனில் தொடங்குகிறது. 1849-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 12 காலன் (சுமார் 54 லிட்டர்) கண்ணாடிப் பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு, மீன் விடும் கரியமில வாயு செடிக்கு என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது, பச்சை வழவழப்பு எங்கும் படிந்தது. வாரிங்டன் மருந்து தேடவில்லை. குளத்து நத்தைகள் ஐந்தாறை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு உணவாயின. 1850-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அடுத்த முக்கியமான பாடம் தொட்டியில் இல்லை, ஏரியில் கிடைத்தது. 1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்ற எண் கொண்ட ஏரியை டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் மட்டும் பச்சைப் பசேல் என்று ஆனது!

இதே நாட்டின் பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் 1996-ல் செடித் தொட்டிகளைப் பற்றி எழுதினார்கள். பாஸ்பேட்டை மட்டும் குறைவாக வைத்து, நைட்ரேட், பொட்டாசியம், இரும்பு முதலியவற்றைத் தாராளமாகக் கொடுத்தால் செடிகள் ஜெயிக்கும், பாசி பட்டினி கிடக்கும் என்பது அவர்கள் முடிவு. விலை குறைந்த உப்புகளைக் கலந்து அவர்கள் தந்த உரத்துக்கு 'ஏழையின் சொட்டு மருந்து' என்ற பொருளில் வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கலிபோர்னியாவின் டாம் பார், செடிகள் நிறைந்த தொட்டியில் பாஸ்பேட்டையும் வேண்டுமென்றே சேர்த்துப் பார்த்தார். செடிகள் செழித்தன, பாசி பெருகவில்லை! அப்படியானால் ஏரிப் பாடம் பொய்யா? இல்லை. திறந்த ஏரியில் தண்ணீரில் மிதக்கும் பாசிதான் பாஸ்பரஸை முதலில் விழுங்குகிறது. தொட்டியிலோ பெரிய செடிகள் அடர்ந்திருக்கின்றன. பாஸ்பேட்டை அளவுக்கு மீறிக் குறைத்தால் முதலில் தவிப்பது அந்தச் செடிகள். வளர்ச்சி நின்ற இலையில்தான் பாசி வந்து உட்காரும்.

யோசித்துப் பார்த்தால், இவர்கள் யாருமே பாசியைக் கொன்று ஜெயிக்கவில்லை. வாரிங்டன் நத்தையைச் சேர்த்தார், சியர்ஸும் கான்லினும் பாரும் செடியைக் கவனித்தார்கள். மற்ற உயிர்கள் நன்றாக இருந்தால் பாசி தானாக ஒதுங்கிவிடுகிறது.

நானும் 12 மணி நேரம் எரிந்த விளக்கை 7 மணி நேரமாகக் குறைத்தேன். பாசியைக் கையால் எடுத்தேன், வேகமாக வளரும் செடிகளை நிறைய நட்டேன், வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினேன். கண்ணாடி ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கிறது. இருக்கட்டும், நத்தைகளுக்கும் சாப்பாடு வேண்டாமா? அந்த மருந்து பாட்டில் இன்னும் திறக்கப்படவே இல்லை.