பாதர்ஸ்ட் ஸ்பெஷல்: ஆஸ்திரேலியாவின் பந்தயவழிச் சிறப்புக் கார்கள்

சிட்னிக்கு மேற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ள பாதர்ஸ்ட் நகரின் மவுண்ட் பனோரமா தடத்தில் ஆண்டுதோறும் நெடுந்தூரக் கார் பந்தயம் நடக்கிறது. அதில் வெல்வதற்கென்றே கம்பெனிகள் சிறு எண்ணிக்கையில் தயாரித்து, பொதுமக்களுக்கும் விற்ற வேகக் கார்களை ஆஸ்திரேலியர்கள் பாதர்ஸ்ட் ஸ்பெஷல் என்கிறார்கள். ஃபோர்டு ஃபால்கன் ஜிடி-எச்ஓ, ஹோல்டன் டொரானா எக்ஸ்யு-1, கிரைஸ்லர் வேலியண்ட் சார்ஜர் ஆகியவை இவற்றில் பெயர் பெற்றவை. இவற்றின் வரலாற்றை வேகப்பித்துக் கொண்ட பொறியாளர்களின் வீரக்கதையாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். சான்றுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்தக் கார்களைப் பிறப்பித்தது பந்தய விதிப்புத்தகத்தில் இருந்த ஓர் எண். இத்தனை கார்களாவது தயாரித்து விற்றால்தான் அந்த மாடல் பந்தயத்தில் ஓடலாம் என்ற குறைந்தபட்சக் கணக்கு அது. பிற்காலத்தில் அந்த எண்ணே இத்தனைக்கு மேல் தயாரிக்க மாட்டோம் என்ற உச்சவரம்பாகத் தலைகீழானது. அந்தத் தலைகீழ் மாற்றத்தின் கதையைத்தான் இந்தக் கார்களின் வரலாறு என்று சொல்லவேண்டும்.

பந்தயம் 1960-இல் மெல்பர்னுக்குத் தெற்கே ஃபிலிப் தீவில், ஆர்ம்ஸ்ட்ராங் 500 என்ற பெயரில் 500 மைல் ஓட்டமாகத் தொடங்கியது. தடத்தின் மேற்பரப்பு பெயர்ந்துபோனதால் 1963-இல் பாதர்ஸ்டுக்கு மாறியது. மவுண்ட் பனோரமா தடம் 6.2 கி.மீ. நீளமுள்ளது; உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 174 மீட்டர் உயர வேறுபாடு. ஆண்டின் மற்ற நாட்களில் இது 60 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாத பொதுச்சாலை. 1930-களின் மந்தகாலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கப் போடப்பட்ட மலைச்சாலை அது. ஆரம்பகால விதிகளின் சாரம் எளிமையானது: ஆஸ்திரேலியாவில் தயாரிக்கப்பட்ட அல்லது பூட்டப்பட்ட கார், கடையில் விற்கும் நிலையிலேயே ஓடவேண்டும். என்ஜினைத் தனியாக முடுக்கக்கூடாது, பெட்ரோல் டேங்கைப் பெரிதாக்கக்கூடாது. இந்தத் தடைக்குள்ளேயே ஒரு வழி இருந்தது. பந்தயக் காரை மாற்றக்கூடாது என்றால், கடையில் விற்கும் காரையே மாற்றிவிடலாம். 1965-இல் ஃபோர்டு அதைச் செய்தது. கோர்ட்டினா ஜிடி500 என்ற பெயரில், பெரிய பெட்ரோல் டேங்குடன், விதிக்குத் தேவையான நூற்றுச் சொச்சம் கார்களை வெளியிட்டு அந்த ஆண்டே வென்றது. அடுத்த ஆண்டு சிட்னியின் ஜெட்லாண்ட் ஆலையில் பூட்டப்பட்ட மினி கூப்பர் எஸ் கார்கள் முதல் ஒன்பது இடங்களையும் பிடித்தன. அந்தக் குட்டிக் காரிடம் வாங்கிய அடிக்குப் பிறகுதான் மெல்பர்னின் பெரிய கம்பெனிகள் வி8 என்ஜினை நாடின.

1967-இல் ஃபால்கன் ஜிடி வந்தது. ஹாரி ஃபிர்த், ஃபிரெட் கிப்சன் இணை அதில் வென்றது. 1968-இலும் 1969-இலும் ஹோல்டன் மொனாரோ வென்றது. ஃபோர்டின் பிராட்மெடோஸ் ஆலையும் ஹோல்டனின் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் தலைமையகமும் மெல்பர்னில்தான் இருந்தன. ஒரே ஊரில் இருந்த இரண்டு போட்டியாளர்கள், ஒருவர் பட்டறையில் வேலை செய்தவரை மற்றவர் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு மோதிக்கொண்டார்கள். ஃபோர்டுக்கு வென்று தந்த ஃபிர்த்தே 1969-இல் ஹோல்டன் டீலர் டீமின் தலைவரானார். இந்தப் போட்டியின் உச்சம் 1971-இல் வந்த ஃபால்கன் ஜிடி-எச்ஓ ஃபேஸ் 3. நான்கு கதவுள்ள குடும்பக் கார். அதனுள் 351 கன அங்குல, அதாவது 5.8 லிட்டர் வி8 என்ஜின், 164 லிட்டர் பெட்ரோல் டேங்க். மணிக்கு ஏறத்தாழ 228 கி.மீ. வேகம் போனது. கம்பெனி அறிவித்த 300 குதிரைத்திறன் உண்மையைக் குறைத்துச் சொன்ன கணக்கு என்பது அன்றே ஊரறிந்த ரகசியம். மொத்தம் 300 கார்கள் தயாராயின; விலை ஐயாயிரத்துச் சொச்சம் டாலர். அந்த ஆண்டு ஆலன் மொஃபாட் தனியொருவராக ஓட்டி வென்றார். காய்கறி வாங்கப் போகிறவருக்கு 164 லிட்டர் டேங்க் எதற்கு? பந்தயத்தில் ஒருமுறை குறைவாக நின்று எண்ணெய் நிரப்புவதற்குத்தான். வாங்குபவரின் தேவை அந்தக் காரின் வடிவமைப்பில் எங்கும் இடம்பெறவில்லை. விதிப்புத்தகம் கேட்ட எண்ணிக்கையை நிறைவேற்றவே அவர் தேவைப்பட்டார்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. கம்பெனிகள் லாபத்துக்காகத்தானே பந்தயம் ஓட்டின, அன்றைய காரும் விளம்பரப் பண்டம்தானே என்பது அது. விளம்பரம் என்பது உண்மை. ஆனால் எதற்கான விளம்பரம் என்று பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜிடி-எச்ஓ வென்றால் திங்கட்கிழமை விற்கவேண்டியது ஆறு சிலிண்டர் சாதாரண ஃபால்கன். அரிய கார் செலவுக் கணக்கில் இருந்தது, வரவுக் கணக்கில் இருந்தது பொதுக் கார். இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு இறக்குமதிச் சுங்கவரியும் ஒரு காரணம். உயர்ந்த வரிச்சுவருக்குள் ஃபோர்டு, ஹோல்டன், கிரைஸ்லர் என்ற மூன்று அமெரிக்கக் கிளைக் கம்பெனிகள் ஒரு சிறிய சந்தைக்காக அடித்துக்கொண்டன. வரிச்சுவர் மட்டும் போதாது என்பதற்கு நம் ஊரே சான்று. இந்தியாவில் அதைவிட உயரமான சுவர் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. ஆர்வலர்கள் கையில் கிடைத்த கார்களைச் சொந்தப் பட்டறையில் முடுக்கி ஓட்டினார்கள். ஆனால் சோழவரத்தில் வெல்வதற்கென்று எந்தக் கம்பெனியும் தனி மாடல் போடவில்லை. புக்கிங் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க மக்கள் தயாராக இருந்த சந்தையில் கம்பெனி எதற்காகப் பந்தயத்தில் வெல்லவேண்டும்? காப்பு வரியும் உள்ளூர்ப் போட்டியும் சேர்ந்த இடத்தில்தான் பாதர்ஸ்ட் ஸ்பெஷல் முளைத்தது.

மெல்பர்னில் பிறந்த இந்த ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி சிட்னியில் விழுந்தது. 1972 ஜூன் 25 அன்று சிட்னியின் சன்-ஹெரால்ட் ஞாயிறு இதழ், மணிக்கு 160 மைல் போகும் சூப்பர் கார்கள் விரைவில் சாலைக்கு வரப்போகின்றன என்று முதல் பக்கத்தில் எழுதியது. எழுதியவர் இவான் கிரீன். மோட்டார் எதிர்ப்பாளர் அல்ல. 1968-இல் லண்டனிலிருந்து பம்பாய் வழியாக சிட்னிக்கு நடந்த மாரத்தான் பந்தயத்தில் காரோட்டியவர். நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் மில்டன் மாரிஸ் இந்தக் கார்களைச் சக்கரம் வைத்த தோட்டாக்களாகச் சித்திரித்துக் கண்டித்தார். அரசுகள் தம் துறைகளுக்குக் கார் வாங்குவதை நிறுத்திவிடும் என்ற அச்சம் கம்பெனிகளைப் பிடித்தது. சில நாட்களில் ஃபோர்டு ஃபேஸ் 4-ஐயும், ஹோல்டன் வி8 டொரானாவையும், கிரைஸ்லர் தன் வி8 சார்ஜரையும் கைவிட்டன. ஃபேஸ் 4 நான்கே கார்களோடு நின்றது.

இதை வெறும் பத்திரிகைப் பீதி என்று கார் ரசிகர்கள் இன்றும் ஒதுக்குகிறார்கள். அவர்கள் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு. சில நூறு ஸ்பெஷல் கார்கள் நாட்டின் சாலைச் சாவுக் கணக்கை நிர்ணயித்திருக்க முடியாது. ஆனால் 1970-இல் ஆஸ்திரேலியச் சாலைகளில் 3,798 பேர் இறந்தார்கள். மக்கள்தொகை அப்போது ஒன்றேகால் கோடி. அந்த ஆண்டு இறுதியில்தான் விக்டோரியா மாநிலம் சீட் பெல்ட் அணிவதை உலகிலேயே முதன்முதலாகச் சட்டமாக்கியது. அந்தச் சூழலில், பந்தயத் தடத்துக்கென வடிவமைத்த காரை விதியை நிறைவேற்றுவதற்காகப் பொதுச்சாலையில் இறக்கித்தான் ஆகவேண்டுமா என்று அமைச்சர் கேட்டது பொருளுள்ள கேள்வி. பதில் அந்த ஆண்டு அக்டோபரிலேயே கிடைத்தது. மழையில் நனைந்த பாதர்ஸ்டில் பீட்டர் புரோக் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் டொரானாவில் ஃபால்கன் வி8-களை முந்தி வென்றார். பந்தயம் சுவையாக இருப்பதற்கு 160 மைல் கார் தேவைப்படவில்லை. 1973-இல் விதி மாறியது. பந்தயக் காரைக் கடைக் காரிலிருந்து வேறுபடுத்த குரூப் சி விதிகள் அனுமதித்தன. தூரமும் 1,000 கி.மீ. ஆனது.

இங்கிருந்து எண்ணின் பொருள் மெல்லத் திரும்பத் தொடங்குகிறது, ஆனால் நேர்கோட்டில் அல்ல. 1974-இன் டொரானா எல்34 இன்னும் பழைய தர்க்கத்தில் பிறந்ததுதான். 263 கார்கள்; வலுவூட்டிய என்ஜின் காரோடு வந்தது, வேகத்தைக் கூட்டும் பாகங்களை டீலரிடம் தனியாக வாங்கிக்கொள்ளவேண்டும். 1977-இன் ஏ9எக்ஸ் பின்சக்கர டிஸ்க் பிரேக்குக்காக வந்தது. 1979-இல் அதை ஓட்டிய புரோக், ஜிம் ரிச்சர்ட்ஸ் இணை ஆறு சுற்று முன்னிலையில் வென்றது. அந்த வெற்றியின் கடைசிச் சுற்றில்தான் புரோக் தட சாதனையையும் படைத்தார். இடையில் வந்த 1978 ஃபால்கன் கோப்ராவோ கலப்பினம். பழைய மாடல் இரண்டு கதவு உடற்கூடுகள் 400 ஆலையில் தேங்கிக் கிடந்தன. 1977-இல் மொஃபாட் அணி முதல் இரண்டு இடங்களையும் பிடித்த நினைவு சூடாக இருந்தது. வெள்ளை உடலில் நீலக் கோடு தீட்டி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு விற்றார்கள். அதில் ஒரு சிறு பகுதி மட்டும் பந்தயத்துக்கான உண்மையான பாகங்களைச் சுமந்தது. மற்றவை பந்தய நினைவைச் சுமந்தன. 400 என்ற எண்ணைத் தீர்மானித்தது விதியும் அல்ல, வாங்குபவரின் ஆசையும் அல்ல, கிடங்கில் மிஞ்சிய சரக்கு.

1980-இல் கணக்கு இன்னொரு பக்கம் திரும்பியது. ஹோல்டன் நேரடிப் பந்தயச் செலவிலிருந்து விலகியபோது, டீலர்களின் துணையோடு புரோக் மெல்பர்னில் தனி நிறுவனம் தொடங்கி, கொமடோர் கார்களை மெருகேற்றி விற்றார். முதல் மாடல் 500 கார்கள். அதுவரை பந்தயத்துக்காகக் காரை விற்றார்கள். இப்போது காரை விற்ற பணத்தில் பந்தயம் ஓட்டினார்கள். 1985-இல் ஆஸ்திரேலியா உலக குரூப் ஏ விதிகளை ஏற்றபோது பழைய குறைந்தபட்சம் கறாராகத் திரும்பி வந்தது: அடிப்படை மாடல் 5,000, மேம்படுத்திய வடிவம் 500. நீல நிறக் கொமடோர் எஸ்எஸ் குரூப் ஏ அந்த 500-க்காகவே பிறந்தது. 1987-இல், படிகமும் காந்தமும் அடங்கிய ஒரு பெட்டி காரின் ஓட்டத்தையே மேம்படுத்தும் என்று புரோக் நம்பி விற்கத் தொடங்க, ஹோல்டன் உறவை முறித்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்காரர் டாம் வாக்கின்ஷாவுடன் எச்எஸ்வி நிறுவனத்தைத் தொடங்கியது. (ஒன்பது முறை பாதர்ஸ்ட் வென்ற ஒருவரை அந்தப் பெட்டி வீழ்த்தியது ஆஸ்திரேலியர்கள் இன்னும் பேசித் தீராத விஷயம்.) 1988-இன் வாக்கின்ஷா கொமடோர்தான் என் வாதத்துக்கு மிகக் கூர்மையான சான்று. விதி கேட்டது 500. ஆர்வம் பெருகியதைக் கண்டு 750 தயாரித்தார்கள். பின்னால் வந்தவை விற்காமல் டீலர்களிடம் தேங்கின. சிலவற்றின் விசித்திரமான பிளாஸ்டிக் உடற்கவசத்தைக் கழற்றிவிட்டுக்கூட விற்கவேண்டியிருந்தது. விதியின் எண்ணுக்கும் சந்தையின் எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த 250 கார்கள் அளந்து காட்டின. அந்தக் கார் 1990-இல் பாதர்ஸ்டை வென்றது வேறு கதை. அடுத்து வந்த விஎன் கொமடோர் குரூப் ஏ 302-லேயே நின்றது.

1993-இல் ஐந்து லிட்டர் வி8 விதிகள் வந்தன. பந்தயத்தில் ஓடக் கடைக் கார் எதையும் விற்கவேண்டிய கட்டாயம் போனது. குறைந்தபட்சம் என்ற எண் செத்த பிறகுதான் உச்சவரம்பு என்ற எண் கொழித்தது. கார் இறக்குமதி வரி 1987-இல் 57.5 சதவீதமாக இருந்தது. 2010-இல் 5 சதவீதம். ஃபோர்டின் மெல்பர்ன் ஆலை 2016 அக்டோபர் 7 அன்றும், அடிலெய்டில் ஹோல்டனின் எலிசபெத் ஆலை 2017 அக்டோபர் 20 அன்றும் மூடப்பட்டன. மூடலுக்கு முன்னதாக விடைபெறும் கார்கள் வந்தன. 2014-இன் ஃபோர்டு எஃப்பிவி ஜிடி எஃப் ஆஸ்திரேலியாவுக்கு 500, நியூசிலாந்துக்கு 50. அதன் என்ஜின் சக்தி 351 கிலோவாட். ஃபேஸ் 3-இன் 351 கன அங்குலத்தோடு இந்த எண்ணுக்கு எந்தப் பொறியியல் தொடர்பும் இல்லை. கொள்ளளவின் எண்ணைச் சக்தியின் அலகில் எழுதிவைத்தார்கள், அவ்வளவே. 2017-இல் எச்எஸ்வி ஜிடிஎஸ்ஆர் டபிள்யூ1 சுமார் 300 கார்கள், 474 கிலோவாட், விலை 1,69,990 டாலர். பெயரிலுள்ள டபிள்யூ வாக்கின்ஷாவைக் குறித்தது. சிட்னியின் ஹர்ஸ்ட்வில்லில் பிறந்து, மெல்பர்னின் ரெப்கோ நிறுவனம் உருவாக்கிய என்ஜினுடன் தன் பெயரிட்ட காரிலேயே 1966-இல் உலக சாம்பியனான ஜாக் பிராபமின் நினைவில், அவர் மகன் டேவிட் 2018-இல் அறிவித்த பிடி62, இந்தப் போக்கின் கடைக்கோடி: பிராபம் பந்தயத்துக்கு வந்து 70 ஆண்டு என்பதற்காக 70 கார்கள், அவற்றில் முதல் 35-க்கு அவர் பெயர் தாங்கிய கார்கள் வென்ற 35 கிராண்ட் பிரிக்ஸ்களின் வண்ணம். அந்த 70-ஐ எந்த விதியும் கேட்கவில்லை, எந்த ஆலைக் கிடங்கும் நிர்ணயிக்கவில்லை.

பழைய கார்களும் இன்று அரிய பொருளாகத்தானே விலைபோகின்றன, பிறகு என்ன வேறுபாடு என்று கேட்கலாம். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தாம்சனிடம் ஒரு காலத்தில் இருந்த ஒரு ஃபேஸ் 3, 2018-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 2021-இல் டபிள்யூ1 என்ஜினோடு நான்கே நான்கு தயாரிக்கப்பட்ட எச்எஸ்வி மாலூ யூட் (பின்புறம் திறந்த சரக்குத் தட்டுள்ள) வண்டிகளில் ஒன்றும் 10.5 லட்சம் டாலர் பெற்றது. விலையில் வேறுபாடு இல்லை என்பது சரி. ஆனால் முதலாவதன் அருமை தற்செயலானது. ஆலை அதை அரிதாக்க நினைக்கவில்லை. ஓட்டி நொறுக்கினார்கள், துருப்பிடித்தது, மிஞ்சியவை அருமையாயின. இரண்டாவதின் அருமை பிறக்கும்போதே கூட்டப்பட்டது. பந்தயத்தில் வென்றதனால் முதலாவதற்கு விலை வந்தது. இரண்டாவது பாதர்ஸ்டில் ஒரு சுற்றும் பந்தயம் ஓடியதில்லை. 2023-இல் ஆஸ்திரேலியாவின் சூப்பர்கார்ஸ் தொடர் ஃபோர்டு மஸ்டாங்கையும் செவ்ரோலே கேமரோவையும் களமிறக்கியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பாதர்ஸ்டில் வென்றது கேமரோ. அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலிய டீலர் எவரிடமும் புதிய கேமரோ விற்பனைக்கு இல்லை.