உலர்ந்து போனதும் நனைந்து வந்ததும்

கோவை வீடுகளின் மீன்தொட்டிகளில் கல்லிலும் மரவேரிலும் நூல் சுற்றிக் கட்டி வளர்க்கப்படும் ஜாவா மாஸ், கிறிஸ்துமஸ் மாஸ் என்னும் பாசிச்செடிகள் நம் மலைகளிலிருந்து இறங்கி வந்தவை அல்ல. தென்கிழக்கு ஆசியாவில் மீன்தொட்டிச் செடியாகப் பேர்பெற்று, வணிக வழியில் இங்கே வந்து சேர்ந்தவை. ஒரு பக்கம் நீலகிரி, ஒரு பக்கம் ஆனைமலை என்று ஈர மலைகள் சூழ்ந்த ஊருக்கு இது விசித்திரமான நிலைதான். இங்கே பாசிச்செடிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பற்றிய நம் அறிவு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் காகித உறைக்குள் உலர்ந்த மாதிரிகளாகவே சேர்ந்தது, தண்ணீரில் வளர்த்துப் பார்க்கும் பழக்கமாக மாறவில்லை என்பதே காரணம் என்று கருதுகிறேன்.

பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலர் 1830களில் நீலகிரியில் திரட்டிய பூவாத் தாவரங்களைப் பாரிஸில் மொந்தாஞ் ஆராய்ந்து 1842இல் வெளியிட்டார். நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்தவர் மொந்தாஞ். இன்று நாம் விலை கொடுத்து வாங்கும் கிறிஸ்துமஸ் மாஸின் அறிவியல் பெயர், வெசிக்குலேரியா மொன்டாக்னை, அவரது நினைவாக அமைந்ததே. பழனி மலைப் பாசிகளைப் பற்றி யேசு சபைத் துறவி ஃபோரோ எழுதிய பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. 1955இல் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் அமைந்தது. சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரத் தொகுப்பும் இப்போது அங்கேதான் இருக்கிறது. இத்தனை இருந்தும் தொட்டிக்கு ஒரு செடி இறங்கவில்லை. ரிக்சியாவைப் பாருங்கள். நம் கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறுக்குவெட்டு எடுத்துப் படம் வரைந்த இனம் அது. அந்த இனத்தில் நீரில் மிதக்கும் ஒரு வகையைக் கல்லோடு கட்டி அடியில் மூழ்கவைத்து, பச்சைப் புல்வெளியாக வளர்த்துக் காட்டியவர் ஜப்பானின் தகாஷி அமானோ.

எங்கிருந்து வந்தால் என்ன, வளர்ந்தால் போதாதா, பெயரும் வரலாறும் எதற்கு என்று கேட்கலாம். ஜாவா மாஸின் கதையே இதற்குப் பதில். பல பத்தாண்டுகள் அது வெசிக்குலேரியா டுபியானா என்ற பெயரில் விற்கப்பட்டது. அது டாக்சிஃபில்லம் பார்பியேரி என்ற வேறொரு செடி என்பது பின்னர்தான் தெளிவானது. 2000க்குப் பின் சிங்கப்பூரில் பெனிட்டோ டான் போன்ற பாசியியலர்கள் தொட்டி வளர்ப்பவர்களோடு சேர்ந்து கடைப் பாசிகளை இனம் பிரித்தார்கள். உலர்ந்த மாதிரியும் உயிருள்ள தொட்டியும் ஒரே மேசைக்கு வந்த இடம் அது. கோவையில் இரண்டும் ஒரே ஊரில் இருந்தும் இன்னும் சேரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அப்படியானால் ஆனைமலையின் வால்பாறை ஓடையில் ஒரு கைப்பிடி பிடுங்கி வந்தால் ஆயிற்றே என்பார்கள். கூடாது. அந்தக் காடுகளில் பெரும்பகுதி காப்பகம். அங்கே செடி எடுப்பது குற்றம். எடுத்து வந்தாலும் பெரும்பாலும் பிழைக்காது. சாரலில் நனைந்த பாறையில் வாழும் பாசி, முழுக்க மூழ்கினால் வாழும் என்பதற்கு உறுதியில்லை. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பெரும்பாலும் ஒரே செல் கனமுள்ள இலை வழியாகத் தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது உயிர்வாழ வேண்டும். கொங்கு ஆழ்குழாய்க் கிணறுகளின் உப்புத்தண்ணீரில் கார்பன் பெரிதும் பைகார்பனேட்டாக இருக்கிறது. நீரில் வாழும் பெரும்பாலான பாசிச்செடிகளால் அதைப் பயன்படுத்த முடியாது. ஜாவா மாஸ் அதிலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் அந்தப் பொறுமையை எல்லாப் பாசியிடமும் எதிர்பார்க்க முடியாது. மென்னீருக்கோ இந்த நகரம் கொடுத்துவைத்தது. சே.ப. நரசிம்மலு நாயுடு போன்றோர் குடிநீருக்காக வாதாடிய சிறுவாணி ஆற்று நீர் இன்றும் குழாயில் வருகிறது. குளோரினை மட்டும் போக்கினால் அது பாசி வளர்க்கத் தோதான நீர். அனுமதியோடு ஆய்வு நிறுவனம் ஒன்று விரல்நுனி அளவு துணுக்கு எடுத்தாலே போதும். பாசி துணுக்கிலிருந்தே மீண்டும் தழைக்கும். ஓடையை மொட்டையடிக்கத் தேவையில்லை.